ராலின்ஸ், எண்பது சதவீதம் வரை

விளம்பரத்தில் முந்நூறு மைல்.
குதிரை ஏற்றிய டிரெய்லரைப் பூட்டியதும்
நூற்று முப்பது.
மீதியை வயோமிங் எதிர்காற்று விழுங்கிவிட்டது.

சார்ஜர் கேபிள் எட்டாது.
டிரெய்லரைக் கழற்றி,
பனியில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து,
பிக்கப்பை மட்டும் ரிவர்ஸில் கொண்டுவருகிறாள் மார்லிஸ்.

பக்கத்தில் கேம்பர் இழுத்துவந்த டுவைட்:
"எனக்கு நாற்பது நிமிடம். உனக்கு?"
ஆஸ்பத்திரி வராந்தாவில்
சர்க்கரை அளவு விசாரிக்கிற குரல்.

"ஐம்பத்தைந்து."
சொல்லிவிட்டு
அவன் வண்டித் திரையைப்
பார்க்காததுபோல் பார்க்கிறாள்.
இழுவைத்திறன் இவளுடையதுதான் அதிகம்.
அதைக் கேட்பானா? கேட்கவில்லை.

தள்ளி நிற்கும் டிரெய்லருக்குள்
கிழட்டுப் பெண்குதிரை
உலர்புல்லை மெல்லுகிறது,
எத்தனை சதவீதம் என்று
எவருக்கும் சொல்லாமல்.
நடுவில் ஒருமுறை
தகரத்தில் ஓங்கி ஓர் உதை.