அறுபத்தெட்டு அடி

வள்ளியூரில், சுடலைக்கண்ணு அண்ணாச்சி கடையில்
கைப்பையைத் திறந்து
ஒரு சாண் ஒயரை மேசைமேல் வைத்தேன்,
பாம்புச் சட்டையைக் காட்டுகிறவள் மாதிரி.

உறையை நகத்தால் கீறினால்
உள்ளே செம்பு இல்லை.
பச்சை மாவு.
ஊதினேன், பறந்தது.
"வீட்டு ஒயருல்லா இது?" என்றார்.
"வீடு இடிந்தகரையில நிக்கும் அண்ணாச்சி,
வள்ளம் நிக்காதே" என்றேன்.

மார்கழியில் ஒரு ராத்திரி
இந்த ஒரு சாணுக்குள்தான்
உச்சி விளக்கு செத்தது.
விசைப்படகொன்று
இருட்டை வெறும் இருட்டென்று நம்பி
நேரே வந்தது.
ரெமிஜியுஸ் செல்போன் வெளிச்சத்தை ஆட்டி ஆட்டி
தோள் இறங்கிக் கரைக்கு வந்தான்.
அவன் சொன்னது இரண்டே வாக்கியம்.
மீதியை ஒயர் சொன்னது.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு
நான் ஒயரிங் செய்த வீடுகளில்
இருநூற்று முப்பது வோல்ட், தாராளம்,
சுவரை உதைத்துக்கொண்டு ஓடும்.
வள்ளத்தில் பன்னிரண்டுதான்.
பன்னிரண்டு வோல்ட் கூச்ச சுபாவி.
மெல்லிய கம்பியில் அனுப்பினால்
பம்புக்குப் போகுமுன்பே
பாதி வழியில் உட்கார்ந்துவிடும்.

எங்கள் பனைகளுக்கு மேலே
உலையிலிருந்து புறப்பட்ட கம்பிகள்
மழைநாளில் இரைந்துகொண்டே வடக்கே போகின்றன.
கடல் பக்கம் ஒன்றுகூடத் திரும்புவதில்லை.
கடலுக்கு வேண்டியதை
பேட்டரியில் ஊற்றி
தோளில் சுமந்துதான் போகிறார்கள்.

அண்ணாச்சி உள்ளே போய்
தூசி தட்டி ஒரு சுருளை எடுத்து வந்தார்.
கொச்சிச் சரக்கு. ரெண்டு வருசமா யாரும் கேக்கல.
நுனியைச் சீவினேன்: இழை இழையாக
மயிர் மாதிரி, வெள்ளை வெள்ளையாக.
"ஈயம் பூச இது என்ன ரசச் சட்டியா?"
பங்காளி தெயோபில் சிரித்தான்.
ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளையைத் தெரியும்.
ஈயத்துக்குள் ஒளிந்து
உப்புக்கு முகம் காட்டாத செம்பு இது.
விலை மூன்று மடங்கு.
தெயோபில் சிரிப்பை நிறுத்தினான்.

"எத்தனை அடி?"
"முப்பத்திரண்டு" என்றான் ரெமிஜியுஸ்.
பின்தலையிலிருந்து அணியம் வரை
கால் வைத்து அளந்தவன்.
"அது போறதுக்கு.
வர்றதுக்கு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
மின்சாரம் போன இடத்திலேயே தங்காது,
விளக்கை எரித்துவிட்டு
பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும்.
கம்பியின் தடிமனை
போக வர இரண்டையும் கூட்டித்தான் முடிவு செய்வது.
விடியுமுன் வள்ளம் இறக்கும்போது
அவன் போகிற தூரத்தை எண்ணுகிறான்.
நான் எதை எண்ணுகிறேன் என்று கேட்காதீர்கள்,
ஒயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அறுபத்து நாலு. மேலே நாலு:
இணைப்புக்கு முன்னால் அங்கங்கே ஒரு தொங்கல்,
வழிகிற தண்ணீர்
வளைவிலேயே சொட்டிப் போகட்டும் என்று.
நாலு ஸ்கொயர்.
போக சிவப்பு.
கறுப்பு தீர்ந்திருந்தது, வர மஞ்சள்.

பாட்டுப்பெட்டிக்கு எடுத்து வைத்த பணம் இதற்குப் போனது.
"கடல்ல பாட்டு வேண்டாமா மதினி?"
"பம்பு பாடும், கேளும்."

சில்லறை இல்லை என்று
அண்ணாச்சி இரண்டு ஃபியூஸ் கொடுத்தார்,
மிட்டாய் கொடுப்பதுபோல.
ஒன்றை பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் மாட்டிவிட்டேன்.
மற்றது கைப்பையில் கிடக்கிறது,
அந்தப் பச்சைத் துண்டோடு.