நூற்றிருபதில் ஒரு பங்கு

பிரிந்தபோது வக்கீல் எழுதிய பட்டியலில்
சலவை இயந்திரம் இருந்தது, திரைச்சீலைகள் இருந்தன,
ஓபர்கிரூண்ட் ரயில் நிலையம் இல்லை.
நாலு மரப்பெட்டிகள். விலை போட யாருக்கும் தெரியவில்லை.
பாறையும் மேற்குச் சிக்னலும் ஃபோல்க்மாருக்கு,
நடைமேடையும் சரக்குக் கொட்டகையும் எனக்கு என்று
மாடிப்படியில் நின்றபடி நாங்களே பேசி முடித்தோம்.
தண்டவாளம் வெட்டவெளியில் முடிந்தது,
இரண்டு பக்கமும்.

ஐந்து வருடம் கழித்து, பிர்னாவில்,
ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
மேலே சுருட்டிக் கட்டிய கயிறுகள், கூடைப்பந்து வளையம்,
வாசலில் அன்னெக்ரெட் அளந்து வெட்டும் ஐயர்ஷெக்கே கேக்.
முழு நிலையமாக வந்தால்தான் மேஜை என்று
சங்கம் கடிதம் போட்டிருந்தது,
இருவருக்கும் தனித்தனி உறையில்.

அவன் பெட்டிகளைப் போர்த்தியிருந்த கம்பளி
என்னுடையது. கேட்கவில்லை.

பித்தளை முளையைத் துளையில் இறக்கி
ஆளுக்கொரு பக்கம் போல்ட்டை முடுக்கினோம்.
அரை மில்லிமீட்டர் விலகல்.
எங்கள் அளவில் அது ஆறு சென்டிமீட்டர்,
நிஜ ரயில் என்றால் மறுநாள் பேப்பரில் வந்திருக்கும்.
சிகரெட் அட்டை ஒன்றை மடித்துச் செருகினான்.
இன்னும் விடவில்லையா என்றேன்.
அட்டையை மட்டும் விடவில்லை என்றான்.

பிறகு எஞ்சின்.
அவன் பாறையைத் துளைத்து வெளியே வந்தது,
காப்பிச் சக்கையால் நாங்கள் போட்ட வண்டிப்பாதையைத் தாண்டியது,
இணைப்பைத் தொட்டதும்
செத்தது.
டிரான்ஸ்ஃபார்மரில் சிவப்பு விளக்கு.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மேஜைக்கு அடியில் மல்லாந்தேன்.
இருபது வருடம் டிராம் பணிமனையில் வயரிங் பார்த்தவள்.
அவன் பெட்டியின் வயிற்றில்
நான் வைத்த பற்றுகள் மொட்டு மொட்டாக அப்படியே.
ஒட்டுத்தாளில் என் கையெழுத்து: தொடாதே.
தொடவில்லை.

தவறு என் பெட்டியில்.
சிவப்பு போக வேண்டிய இடத்தில் பழுப்பு,
பழுப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பு.
அந்த முதல் பனிக்காலத்தில், இரவு இரண்டு மணிக்கு,
இனி இது எதனோடும் சேரக்கூடாது என்று
நானே மாற்றிப் பற்றவைத்தது.
மறந்தே போயிருந்தேன்.
எவ்வளவு கோபத்திலும்
எவ்வளவு சுத்தமான வேலை.

என்னவாம் என்று கேட்டன
மேஜைக்கு வெளியே தெரிந்த இரண்டு காலணிகள்.
லூஸ் கனெக்‌ஷன் என்றேன்.
சால்டரிங் புகை கண்ணில் ஏறியது.
அது ஒரு சௌகரியம்.

ரயில் ஓடியது, இரண்டு நாள்,
பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், தடங்கல் இல்லாமல்.
தடுப்புக் கயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்து
ஒரு சிறுமி கேட்டாள்:
இந்த ஸ்டேஷனில் கழிப்பறை எங்கே?
கூரையின் ஓடுகளைக்கூட
ஒவ்வொன்றாய் ஒட்டிய நாங்கள் இருவரும்
ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொன்னோம்:
கொட்டகைக்குப் பின்னால்.

கூட்டம் குறைந்த நேரத்தில் கேக் தட்டோடு வந்தான்.
ஐந்து வருடத்தை நூற்றிருபதால் வகுத்துப் பார்த்தானாம்.
பதினைந்து நாள்தான் வருகிறதாம்.
காலத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது என்றேன்.
அவன் தட்டில் பாதியை
என் பக்கம் தள்ளினான். தின்றேன்.
நடைமேடையில் பதினைந்து மில்லிமீட்டர் உயரப் பெண்
கையில் பெட்டியோடு நின்றாள்,
எத்தனை ரயில் வந்தாலும் ஏறாமல்.
பாதத்தில் பசை.

ஞாயிறு ஐந்து மணிக்குக் காவலாளி நோவாக்
யாரையும் கேட்காமல் மெயினை அணைத்தார்.
கடைசி ரயில் இணைப்பின் மேலேயே நின்றுவிட்டது.
எஞ்சின் அவன் பக்கம்,
இரண்டரைப் பெட்டி என் பக்கம்.
ஸ்பேனர் என் கையில் இருந்தது.
முதலில் ரயிலை எடுக்க வேண்டும்.
எடுக்காமல் நின்றோம்,
மிச்சக் கேக்கை அன்னெக்ரெட்
காகிதத்தில் சுற்றும் சத்தத்தைக் கேட்டபடி.