கூடுதல்

ஈசூனில் எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது.
நகர மன்றம் நான்கு மொழியில் வருந்துகிறது.
தமிழ் வருத்தத்தில் ஓர் ஒற்றைக் காணவில்லை.

பதினோராம் மாடி.
தோளில் நாற்பத்து மூன்று விடைத்தாள்,
ஐரோப்பிய அரசியல், இரண்டாம் ஆண்டு.
கேள்வி நான் போட்டதுதான்:
பல அடுக்கு ஆளுகையில் குடிமக்கள்
எந்த அடுக்கில் வசிக்கிறார்கள்?
நான்காம் மாடியில் மூச்சிரைத்தபோது
அது கொஞ்சம் திமிரான கேள்வியாகப் பட்டது.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டேன்.
சரி, இங்கேயே திருத்தலாம்.

கணேந்திரன் கோபுரம் வரைந்திருக்கிறான்.
அடியில் ஊராட்சி, பிறகு மாநிலம், பிறகு நாடு,
உச்சியில் தண்ணீர்த் தொட்டிபோல் பிரஸ்ஸல்ஸ்.
ஹஸ்லிண்டா ஒத்துக்கொள்ளவில்லை:
அதிகாரம் குழாயில் இறங்குவதில்லை,
மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிகிறது,
யார் செலவில் அடைப்பது என்பதுதான் அரசியல்.
(இவள் வீட்டில் இப்போது கசிகிறது என்று நினைக்கிறேன்.)

ஆன்னலீஸ் கோ படம் எதுவும் போடவில்லை.
போல்ட்சானோவில் பிறந்தவள், அப்பா தோ பாயோக்காரர்.
“என் அம்மாவை யார் என்று கேட்டால்
முதலில் பள்ளத்தாக்கின் பெயரைச் சொல்வார்.
பிறகு ஜெர்மன் மொழி. பிறகு ஐரோப்பா.
இத்தாலி கடைசியில், கடப்பிதழைத் தேடும்போது.”
அப்புறம் உடன்படிக்கைக்கு வருகிறாள்:
ஒன்றியக் குடியுரிமை நாட்டுக் குடியுரிமைக்குக் கூடுதல்,
மாற்று அன்று.
தாளின் அடியில், பென்சிலில்:
“நவம்பரில் எனக்கு இருபத்திரண்டு.
அதற்குள் ஒன்றைத் துறந்து உறுதிமொழி எடுக்க வேண்டும்.
இது விடையில் சேராது.”

கூடுதல்.
சிவப்புப் பேனா அந்தச் சொல்லில் நின்றுவிட்டது.
காப்பிக்கடையில் கூடுதல் சாம்பாருக்குக் காசில்லை,
ஒரு முறைப்பு மட்டும்தான்.
அங்கே கண்டத்தில் பாதி கேட்டு வாங்கியிருக்கிறது,
இருக்கும் இலையை எடுக்காமல் இன்னொரு கரண்டி.
வாக்குப்போட்டு அதைத் திருப்பிக் கொடுத்த தீவும் உண்டு.
இங்கே இலை ஒன்று. கூடுதல் கூடாது.
சின்ன ஊர், அதன் பயமும் எனக்குப் புரியும்:
இரண்டு வாசல் உள்ளவர்கள்
தீப்பிடித்தால் அணைக்க நிற்பார்களா?

மூன்று வாரம் முன்பு தூதரக முகப்பில்
என் கடப்பிதழின் மூலையைக் கத்தரித்தார்கள்.
நறுக்.
வெண்டைக்காய்க் காம்புக்கும் அதே ஓசைதான்.
கத்தரித்தவர் என்னைவிடக் கூச்சப்பட்டு
“சாப்ட்டீங்களாம்மா” என்றார்.
சனிக்கிழமை சமூக மன்றத்தில்
இளஞ்சிவப்பு அட்டை தருவார்கள்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை
எத்தனை கேட்டிருப்போம்.
விட்ட கூட்டை யாராவது காவல் காப்பார்கள்,
புகுந்த கூடு எழுந்து உட்காரும்.
நடுவில் அந்தச் சித்தர் எங்கே இருந்தார்,
யாரும் கேட்டதில்லை.
நான் சொல்கிறேன்: மாடிப்படியில்.
வியர்த்துக்கொண்டு, விரலெல்லாம் சிவப்பு மையோடு.

துணைமைக் கோட்பாடு பற்றி ஆன்னலீஸ் ஒரு வரி எழுதவில்லை.
இரண்டு மதிப்பெண் குறைத்தேன். குறைக்கத்தான் வேண்டும்.
பென்சில் வரிக்குக் கீழே ‘சேரும்’ என்று எழுதி
அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன்.

கீழேயிருந்து கருவிப்பெட்டியோடு ஏறி வந்தார் ஒருவர்.
கழுத்து அட்டையில் அவர் பெயரைவிட
நிறுவனத்தின் பெயர் பெரிது.
“மைமன்சிங்” என்றார்.
நான் பெயரைத்தான் கேட்டிருந்தேன்.
“ஷஹாதத்” என்றார் பிறகு, “இன்னும் ஏறாதீர்கள், சோதனை.”

வெற்று மின்தூக்கி மேலே போயிற்று.
எட்டில் திறந்தது, மூடியது.
ஒன்பதில் திறந்தது.
பத்தில் ஒரு நாய் குரைத்தது.
பதினொன்றில், என் வீட்டுக்கு எதிரே,
கதவு நெடுநேரம் திறந்தே கிடந்தது.