வியாழக்கிழமைச் சத்தம்

சாவியை ஒரு கட்டை திருப்பினால்
பின்சீட்டுக்குக் கீழே
இரண்டு செக்கன் முனகிவிட்டு நிற்கும்.
அப்படித்தான் இத்தனை வருசமும்.

இப்போது முனகல் இல்லை, கீச்சு.
எஞ்சின் பிடித்தபிறகு
நிந்தவூரிலிருந்து கல்முனை வரைக்கும்
வேனுக்குள் கட்டணம் கட்டாத
பன்னிரண்டாவது ஆளாய் அது வருகிறது.

"பம்பு முடிஞ்சு" என்றான்
பெற்றோல் செட்டில் குழாய் பிடித்து நின்றவன்.
"பஞ்சிகாவத்தையில எடுத்தா பதினெட்டு."
பதினெட்டாயிரம்.
பிள்ளைகள் பதினொன்று, அதில் நாலு வீட்டில்
போன மாதக் காசு இன்னும் "நாளைக்கு".

காரைதீவில் பாக்கியநாதன்
வேனைத் தொடக்கூட இல்லை.
எப்ப கத்தும்? என்றார்.
எப்பவும்.
எப்பவும் எண்டு ஒரு நேரம் இல்ல தம்பி.
காலையிலயா, வெயில் ஏறினாலா,
பள்ளத்தில விழுந்து எழும்பினாலா?

நான் ரேடியோ போட்டு ஓட்டுகிறவன்.
எனக்கென்ன தெரியும்.

டாங்கிக்கு நேர் மேலே இருக்கிறவள் றிஸ்லா,
ஆறாம் ஆண்டு.
"திங்கக்கிழமை இல்ல" என்றாள்.
"புதன் கொஞ்சம்.
வியாழக்கிழமை வெட்டாறு தாண்டினா
இப்பிடி"
என்று மூக்கால் ஒரு சுதி பிடித்தாள்.

பத்துப் பேரும் சிரித்தார்கள், பசியிலும்.
பாக்கியநாதன் சிரிக்கவில்லை.
நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை டாங்கியில் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் வைத்தார்.
"திரும்பப் பிடி மனே."
பிடித்தாள்.
"சரிதான். அதே சுதி."

எண்ணெய் எப்ப அடிக்கிற நீ?
ஞாயிறு பின்னேரம். மூவாயிரத்துக்கு.

கானில் இருந்த அஞ்சு லீற்றரை
அளந்து பார்க்காமல் ஊற்றினார்.
சாவி.
கீச்சு இறங்கி
அடித்தொண்டைக்குப் போயிற்று.

"எண்ணெய்க்குள்ள முங்கிக் கிடக்கிற சாமான் இது.
எண்ணெய்தான் இதுக்குக் குளிர்ச்சி.
நீ வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை
கரையில போட்டுக் காய விடுறாய்."

பிள்ளைகளை இறக்கிவிட்டு, அசர் தொழுது, மீண்டும் போனேன்.
பெற்றறியில் பன்னிரண்டரை,
பம்பில் பத்தே முக்கால்.
இடையில் தின்றது யார் என்று தேடினால்
சேசிஸில் பூட்டிய எர்த் வயர்,
கடற்காற்றில் பச்சை பூத்து.
அரத்தாள் போட்டுத் தேய்த்தார், செம்பு தெரியும்வரை.

பம்பைக் கழற்றி எடுத்தபோது
அடியில் வலைப்பை கறுத்து ஊறியிருந்தது.
விரலால் வழித்துக் காட்டினார்.
தட்டுப்பாட்டு வருசம், மூன்று இரவு வேனுக்குள் படுத்து
வரிசையில் நின்று பிடித்த எண்ணெய்;
ஆரிடமோ கானில் வாங்கிய எண்ணெய்.
நின்றதை நான் மறந்துவிட்டேன்.
டாங்கி வைத்திருந்தது.

"மாத்தத் தேவையில்ல. கழுவிப் போடுறன்,
மறுகா பாப்பம்.
அரை டாங்கிக்குக் கீழ விடாதே."

அரை டாங்கி என்றால்
நாலு வீட்டுக் காசு.
இரண்டு வீட்டுக்குப் போனேன், ஒன்றில் தந்தார்கள்.
மூன்றாம் வீட்டில் நாய்.
நாலாவது றிஸ்லாவின் வீடு.
படலையடியில் ஹோர்ன் அடிக்காமல்
வேனைக் கிறுக்கி எடுத்துவந்தேன்.

அடுத்த வியாழன், வெட்டாறு.
ரேடியோவை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்.
தலையைச் சரித்து, கண்ணை மூடி,
சீட்டில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"இருக்கு மாமா" என்றாள்.
"ஆனா சின்னன்."