ஏழு நொடி

பிப்ரவரி கடைசி வாரம். வால்டிவியாவில்
கோடை இன்னும் முடியவில்லை என்று பேர்;
எல்லோரும் மழைக்கோட்டோடுதான் வந்திருந்தோம்.
பொறியியல் கட்டடம், இரண்டாம் மாடி,
முதலாண்டு மாணவர்களின் அறை.
நாற்காலியோடு ஒட்டிப் பிறந்த எழுதுபலகைக்குள்
எங்கள் தொப்பைகள் நுழைய மறுத்தன.

புது செமஸ்டருக்குப் பேராசிரியர்களைத் தயார்செய்யும்
மூன்று நாள் பயிற்சி.
கையெழுத்துப் போட்டால் காபி உண்டு,
ஆப்பிள் கேக் உண்டு.

"முப்பத்தோரு வருஷமா நிலையியல் நடத்துறேன்,
என்னை யார் தயார்செய்யணும்?" என்ற எலெயுதேரியோ
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்,
தான் திட்டும் பையன்கள் உட்காரும் அதே மூலையில்.

அயெலன் குரிகேயோ அதட்டவில்லை.
போன செமஸ்டர் எங்கள் வகுப்புகளில் எடுத்த
வீடியோவைப் போட்டாள், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.
"கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?
நீங்களே எண்ணுங்கள்."

திரையில் நான்.
"வளைவில் ஆறு ஏன்
வெளிக்கரையைத் தின்று உட்கரையில் துப்புகிறது?"
கேட்டது நான்.
விடை சொன்னதும் நான்.
நடுவே ஒன்றேகால் நொடி.
தும்மல் வந்திருந்தால்கூடத் தும்மி முடித்திருக்க முடியாது.

"மறுபடி பாருங்கள், மூன்றாம் வரிசை."
ஒரு கை மேசையிலிருந்து ஒரு சாண் எழுகிறது.
என் குரல் கேட்டதும்
காதைச் சொறியத்தான் எழுந்ததுபோல்
காதுக்குப் போய்விடுகிறது.

மைகோல். கொர்ராலிலிருந்து படகில் வருபவன்.
ஜூலைக்குப் பிறகு வரவில்லை.
அந்தக் கைக்கும் ஜூலைக்கும் தொடர்பு உண்டென்று
யாரும் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஏழு நொடி," என்றாள் அயெலன்.
"கேட்டபின் வாயை மூடிக்கொண்டு ஏழு."
பழகிப் பார்த்தோம். உடற்கூறியல் கிளாடிஸுக்கு
மூன்றாவதில் கை நடுங்கியது.
எலெயுதேரியோ நான்கில் இருமினார்;
இருமலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தகராறு.

சாயங்காலம் ஆற்றோர மீன்சந்தை.
கடல்சிங்கங்கள் குப்பைக்குக் காத்துக்கிடந்தன,
எந்தப் பயிற்சியும் இல்லாமல்.
"சியெர்ரா என்ன விலை?"
"நாலாயிரம்."
ஒன்று, இரண்டு, மூன்று என்று
மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன்.
"சரி, மூவாயிரத்தைந்நூறு," என்றார் மீன்காரர்.
வீட்டில் மகளிடம் முயன்றேன்.
"ஏன் முறைக்கிறே?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச், திங்கள், எட்டேகால்.
நாற்பத்திரண்டு பேர், ஈர முதுகுப்பைகள்.
எனக்கு அந்த ஒரு கேள்விதான் தெரியும் என்பதுபோல்
அதையே கேட்டேன்: வளைவில் ஆறு ஏன்...

ஒன்று.
இரண்டு. விடை பல்லுக்குப் பின்னால் வந்து முட்டுகிறது.
மூன்று. யாரோ பேனா மூடியைத் திறந்து மூடுகிறார்கள்.
நான்கு. பத்தொன்பது வருஷமாக
இந்த மௌனத்துக்கா பயந்தேன்?
ஆமாம், இதற்குத்தான். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.
ஐந்து. ஜன்னலுக்கு வெளியே நிஜமான ஆறு
அவசரமில்லாமல் திரும்புகிறது.
ஆறு.

ஜன்னலோரம் சிவப்புத் தொப்பிக்காரி.
கையைத் தூக்கவில்லை, தலையை மட்டும்.
"டீச்சர், கேள்வியை
இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

வகுப்பில் பாதிப் பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

விடை பத்திரமாக இருந்தது, மனப்பாடமாக, படத்தோடு.
கேள்வியைத்தான் காணோம்.
சாக்பீஸை வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் நடந்தேன்.
"இங்கே வாங்க," என்றேன், "எல்லாரும்.
அந்தக் கரையில என்ன தெரியுது?"

ஒன்று.