காற்றைக் கேட்டு

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
ரெமிஜியஸ் படகு இன்னும் பாதி சாம்பல்.

பெயிண்டை நைலான் துணியில் வடிகட்டினேன்,
தின்னர் கொஞ்சம்.
குச்சியிலிருந்து நூலாய் இறங்க வேண்டும்.

பாம்பனில் காற்றைக் கேட்காமல்
ஸ்பிரே கன்னைத் தொடக் கூடாது.
போன வருசம் தொட்டேன்.
கிளாடிஸ் அக்காவின் வெள்ளாடு
ஒரு மாதம் நீலமாகத் திரிந்தது;
பாலுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்டாள்.

விடிந்து ஒரு மணி நேரம்
கச்சான் செத்துக் கிடக்கும். அதற்குள்
முகமூடி, கண்ணாடி. பீடி வீட்டில்.
ஒரு சாண், மேலே நாலு விரல் தள்ளி
மணிக்கட்டு மடங்காமல்
கை நகர்ந்த பிறகே விசை.
முதல் பூச்சில் சாம்பல் தெரிந்தால் தெரியட்டும்,
மொத்தமாய் அடித்தால் பலகை அழும்.

அணியத்தை எட்டும்போது காற்று புரண்டது.
நிறுத்திவிட்டேன்.

வயரைப் பிடுங்கி நாசில் கழுவுகையில்
ஆடு வந்து நின்றது,
காற்று வரும் பக்கமாக.