ஆறிய கீறல்

என் வேலை தோலுக்குத் தரம் சொல்வது.
பேரணாம்பட்டு, மூன்றாவது ஷெட், வடக்கு ஜன்னல் வெளிச்சம்.
ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாய் மேசைக்கு வரும்,
விரல் ஓடும்.
இது கருவேல முள்.
இது உண்ணி தின்ற குழி.
இது வேலிக் கம்பியைத் தாண்டப் பார்த்த அவசரம்.
இதை உரித்தவன் அன்றைக்கு
வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு.
சாக்பீஸ் எழுதிவிட்டு நகரும்.

செவ்வாய்க்கிழமை பையர் வருகிறார்,
மூஞ்சி மழமழன்னு இருக்கணும் என்றார் மேனேஜர்.
விடிகாலையில் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை.
சொம்பின் அடியில் கிடந்த உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தடவி
தீபாவளிக்கு மாற்றிய பிளேடால்
கீழிருந்து மேலாக,
அழுத்தி,
ஒரே இடத்தில் நான்கு தரம்.

எட்டு மணிக்குக் கழுத்து எரிய ஆரம்பித்தது.
கஞ்சி போட்ட காலர்
தலை திருப்பும்போதெல்லாம் ஒரு தீக்குச்சி கிழித்தது.
படிகாரம் தேய்த்தேன்.
மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த
வாசனைத் தண்ணியை ஊற்றினேன்.
கத்திரி வெயிலில் பிறந்து வளர்ந்தவன்தான் நான்,
இந்த வெயில் எனக்குப் புதுசு.
பையர் தோலைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவே இல்லை.

ஊறல் தொட்டியிலிருந்து ஏறி வந்த அத்தாவுல்லா
ஒரு கணம் நின்றான்.
"இன்னா ரத்தினம்,
ஊறப்போடாமலே கத்தி வெச்சிட்டியா?"
அவ்வளவுதான். பீடிக்கு நெருப்புத் தேடிப் போய்விட்டான்.

ராத்திரி கண்ணாடியில்
கேழ்வரகு இறைத்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள்.
"உன் மேசையில இந்தக் கழுத்தப் போட்டா
எத்தினியாவது தரம்?" என்றாள் கோமளா.
கழிவு என்றேன்.
சிரிக்காமல் துண்டைப் பானைத் தண்ணீரில் முக்கிப் போர்த்தினாள்.
பெயின்ட் டப்பாவில் வளர்கிற கற்றாழையில் ஒரு மடலை ஒடித்து
மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவி,
வழுவழுப்பை மட்டும் வைத்தாள்.
சொறியாதே. நாலு நாள் கத்தி எடுக்காதே.
மேனேஜரிடம் டாக்டர் சொன்னார் என்று பொய் சொன்னேன்.
அரைப்பொய்.

அந்த நாலு நாளும் சாப்பாட்டு வேளையில்
தொட்டியோரம் போய் நின்றேன்.
இருபது வருஷமாய்த் தாண்டிப் போகிற இடம்.
உப்பு போட்டு, விறைத்து, பலகை மாதிரி வந்த தோலைத்
தண்ணீரில் கிடத்துகிறார்கள்.
யாரும் அவசரப்படுத்துவதில்லை.
இறுகினது இளகுகிறது.
அப்புறம் சுண்ணாம்பு. அப்புறம்
மயிர், கோபம் தீர்ந்த ஆள் மாதிரி,
தானாக எழுந்து போகிறது.

ஐந்தாம் நாள்
குளித்துவிட்டு வந்தேன், குளிக்குமுன் இல்லை.
வெந்நீர்த் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
ஆம்பூர் பஸ் ஹாரன் அடிக்கும்வரை சும்மா உட்கார்ந்தேன்.
நுரை போடுமுன் விரலால் தடவிப் பார்த்தேன்,
தாடையில் முடி கீழே பார்க்கிறது,
இடது கழுத்தில் மேலே,
தொண்டைக் குமிழ் பக்கம்
பாலாற்று மணலில் காற்று போன மாதிரி ஒரு சுழி.
ஐம்பத்தொரு வயசு வரை
ஆயிரமாயிரம் ஆட்டுக்குப் பார்த்த திசையை
எனக்குப் பார்த்ததில்லை.
புது பிளேடு. அது போகிற பக்கமே போனேன்.
அழுத்தவில்லை, பிளேடின் கனமே போதும்.
இரண்டிழுப்புக்கு ஒரு அலசல்.
ஒட்டச் சிரைக்கவில்லை;
கொஞ்சம் சொரசொரப்பு இருக்கட்டும்.
பச்சைத் தண்ணீர். துடைக்காமல் ஒற்றினேன்.
துபாய் பாட்டில் பரண்மேல்.

அன்று மேசைக்கு வந்த தோலில்
விலாவை ஒட்டி ஒரு சாண் நீளக் கீறல்.
கழிவு என்று சாக்பீஸ் இறங்கிவிட்டது.
விரல் நின்றது.
கீறலின் இரண்டு கரையும் சேர்ந்திருந்தன,
நடுவில் மெல்லிய பளபளப்பு.
வெட்டுக்கு முன்னாலேயே
அந்த ஆட்டுக்கு ஆறியிருக்கிறது.
எங்கோ நிழலில் நாலு நாள்
யாரும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.
மூன்று என்று போட்டேன்.
பக்கத்தில், சட்டத்தில் இல்லாத ஒரு சொல்லும்:
ஆறியது.

அடுத்த செவ்வாயும் யாரோ வருகிறார்களாம்.
தாடைக்குக் கீழே ஒரு புள்ளி
இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.